செத்தவருக்குப் பூமாலை, பிழைத்தவருக்கு 67 வருட மவுனம்!
குண்டு மழையில் சிப்பாய்களைக் காப்பாற்றிய கறுப்பு நர்சின் கண்ணீர்க் கதை

பெல்ஜியம் தலைநகர் பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம். அங்கே ஒரு பாட்டி இருந்தார். குள்ளமான உருவம். கறுத்த நிறம். அதிகம் பேச மாட்டார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களுக்குக் கூட அவர் யார் என்று தெரியாது. "யாரோ ரிட்டயரான நர்சம்மா" என்று நினைத்திருப்பார்கள்.

அந்த நர்சம்மாவைத் தேடி ஒரு நாள் ஒரு வெள்ளைக்கார சரித்திர ஆசிரியர் வந்து நின்றார். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. இரண்டாவது உலகப்போரில் நூற்றுக்கணக்கான அமெரிக்க சிப்பாய்களின் ரத்தத்தைத் துடைத்த கை அந்தப் பாட்டியின் கை!

அவர் பெயர் அகஸ்டா சிவி.

அப்பா வெள்ளை, அம்மா கறுப்பு

அகஸ்டா பிறந்தது 1921-ம் வருடம் ஜூன் 3-ந் தேதி. பிறந்த இடம் ஆப்பிரிக்காவின் நடுவில், இன்றைக்கு புருண்டி என்று சொல்லப்படும் நாடு. அப்போது அது பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்தது.

அப்பா பெல்ஜியத்துக்காரர். மாட்டு டாக்டர். தாயார் ஆப்பிரிக்கப் பெண். 9 வயதில் சிறுமியை அப்பா தன் சொந்த ஊருக்குக் கூட்டி வந்தார்.

அந்த ஊரின் பெயர் பாஸ்தோன். மலையும் காடும் சூழ்ந்த சின்ன டவுன். முக்கியமான 7 ரோடுகள் வந்து சேருகிற ஜங்ஷன் அது. இந்த ரோடுகள்தான் பின்னால் அந்த ஊருக்கு எமனாக வந்தன.

அகஸ்டா வளர்ந்தார். நர்சு வேலை படித்தார். லூவென் என்ற நகரத்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார்.

பண்டிகைக்கு வந்த இடத்தில்...

1944-ம் வருடம் டிசம்பர் மாதம். ஜெர்மன்காரர்களை விரட்டி பெல்ஜியத்தை மீட்டாகிவிட்டது. "போர் முடிந்த மாதிரிதான்" என்று எல்லோரும் நினைத்தார்கள்.

தீபாவளிக்கு நாம் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போவோம் அல்லவா? அது போல அகஸ்டாவும் கிறிஸ்துமசுக்கு அப்பாவைப் பார்க்கப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 23. கொஞ்ச தூரம் ரயில், மீதி தூரம் ராணுவ லாரி என்று ஊர் வந்து சேர்ந்தார்.

டிசம்பர் 16-ந் தேதி ஹிட்லரின் படை திடீர் என்று பாய்ந்தது. டாங்கிகள் காட்டைப் பிளந்துகொண்டு வந்தன. அவர்கள் குறி பாஸ்தோன். அந்த 7 ரோடுகள் கையில் வந்தால்தான் டாங்கிகள் மேலே போக முடியும்.

சில நாட்களில் ஊரைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். உள்ளே அமெரிக்கப் படையும் ஊர் ஜனங்களும் மாட்டிக்கொண்டார்கள். டிசம்பர் 22-ந் தேதி "சரண் அடையுங்கள்" என்று ஜெர்மானியர்கள் ஓலை அனுப்பினார்கள். அமெரிக்கத் தளபதி மெக்காலிப் ஒரே வார்த்தையில் பதில் எழுதினார். "போங்கடா!" என்பதுதான் அதற்கு அர்த்தம்.

வீரமான பதில்தான். ஆனால் அடிபட்டுக் கிடந்தவர்களுக்கு மருந்து? அதுதான் இல்லை!

கதவைத் தட்டிய டாக்டர்

டிசம்பர் 19-ந் தேதி ராத்திரியே அமெரிக்கர்களின் ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றை டாக்டர்களோடு சேர்த்து ஜெர்மானியர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊருக்குள் மிஞ்சிய டாக்டர்கள் மிகக் கொஞ்சம்.

அவர்களில் ஒருவர் ஜாக் பிரயர். வாலிப வயது. நிசாட்டோ ரோட்டில் ஒரு கட்டிடத்தைப் பிடித்து முதலுதவி நிலையம் நடத்தி வந்தார். நூற்றுக்கு மேல் காயம்பட்டவர்கள். அவருக்குக் கை கொடுக்க இருந்த டாக்டர் ஒரே ஒருவர். அவரும் பல் டாக்டர்!

மயக்க மருந்து தீர்ந்துகொண்டு வந்தது. கட்டுத் துணி தீர்ந்தது. படுக்கை விரிப்பைக் கிழித்துக் கட்டுப் போட்டார்கள். வெளியே எலும்பை உறைய வைக்கும் பனி. உள்ளே அழுகின காயத்தின் நாற்றம்.

"ஊரில் நர்சு யாராவது இருக்கிறார்களா?" என்று விசாரித்துக்கொண்டு வந்த பிரயர், அகஸ்டாவின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

ஊர் முழுக்க குண்டு விழுகிறது. சம்பளம் கிடையாது. கட்டாயமும் கிடையாது. "முடியாது" என்று சொல்லிவிட்டுப் பாதாள அறைக்குள் போய்ப் படுத்திருக்கலாம். யாரும் குறை சொல்லி இருக்க மாட்டார்கள்.

அகஸ்டா புறப்பட்டுவிட்டார்.

"கறுப்பி தொடக்கூடாது!"

அங்கே போனால் இன்னொரு சோதனை காத்திருந்தது.

அந்தக் காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் வெள்ளையர் படை தனி, கறுப்பர் படை தனி. தானமாகக் கொடுத்த ரத்தத்தைக் கூட வெள்ளை ரத்தம், கறுப்பு ரத்தம் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்த காலம் அது. (ராணுவத்தில் இந்தப் பாகுபாட்டை நீக்கச் சொல்லி ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவு போட்டது 1948-ம் வருடம்தான்.)

அடிபட்டுக் கிடந்த வெள்ளைக்கார சிப்பாய்கள் சிலர், "இந்தக் கறுப்பி எங்களைத் தொடக்கூடாது" என்று முரண்டு பிடித்தார்கள்.

டாக்டர் பிரயர் வளவளவென்று பேசவில்லை. அவள் தொட்டால் பிழைப்பாய், இல்லாவிட்டால் சாவாய், எது வேண்டும் என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு வாய் அடங்கிவிட்டது. உயிர் போகிற நேரத்தில் நிறம் என்ன, குலம் என்ன?

இரண்டு நர்சுகள்

அகஸ்டாவோடு இன்னொரு பெண்ணும் அங்கே வேலை செய்தார். பெயர் ரெனே லெமேர். அதே ஊர்க்காரர். வயது 30. வெள்ளைக்காரப் பெண். அழகி.

இரண்டு பேரும் இரண்டு விதம். இதை டாக்டர் பிரயரே பின்னால் எழுதி வைத்திருக்கிறார்.

ரெனே நோயாளிகளிடம் போய்ப் போய் ஆறுதல் சொல்வார். உடம்பைத் துடைத்துவிடுவார். சாப்பாடு ஊட்டுவார். மாத்திரை கொடுப்பார். பச்சை ரத்தக் காயத்தைப் பார்ப்பது அவருக்குக் கஷ்டம்.

அந்த வேலைக்கு அகஸ்டா. எலும்பு முறிந்த காலுக்குக் கட்டை வைத்துக் கட்ட வேண்டுமா? பீறிட்டு வரும் ரத்தத்தை அமுக்கிப் பிடிக்க வேண்டுமா? கூப்பிடு அகஸ்டாவை!

மயக்க மருந்து இல்லாத நேரத்தில் பிராந்தியைக் குடிக்க வைத்து, ராணுவக் கத்தியால் உறுப்பை அறுத்து எடுக்க வேண்டி வந்தது. அப்போதும் பக்கத்தில் நின்றவர் இந்த 23 வயதுப் பெண்தான்.

போட்டு வந்த உடுப்பு ரத்தத்தில் ஊறிப்போனதால் அமெரிக்க ராணுவ உடையை மாட்டிக்கொண்டார். எதிரி கையில் அந்த உடையோடு சிக்கி இருந்தால் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு தடவை ஊருக்கு வெளியே பனிக்குள் கிடந்தவர்களைத் தூக்கி வரப் போனார்கள். நாலு பக்கமும் குண்டு பறந்தது. ஒன்றும் படவில்லை. "நீ குள்ளமாக இருக்கப்போய்த் தப்பித்தாய்" என்றாராம் டாக்டர். அகஸ்டா விடவில்லை. இவ்வளவு வெள்ளைப் பனியில் ஒரு கறுப்பு முகம் நல்ல குறிதானே, ஜெர்மன்காரனுக்குத்தான் சுடத் தெரியவில்லை என்று பதில் கொடுத்தாராம்!

கிறிஸ்துமஸ் இரவு

டிசம்பர் 24. ராத்திரி எட்டரை மணி இருக்கும்.

டாக்டரும் அகஸ்டாவும் பக்கத்துக் கட்டிடத்தில் இருந்தார்கள். மார்பில் குண்டு பாய்ந்து சாகக் கிடந்த ஒரு வாலிப லெப்டினெண்டுக்கு, ஊரில் இருந்த அவர் மனைவிக்குக் கடிதம் எழுதிக் கொடுக்க டாக்டர் கிளம்பிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் விமானச் சத்தம். அறை முழுக்க வெல்டிங் வெளிச்சம் போலப் பளீர் என்று ஒளி. அடுத்த வினாடி...

டமார்!

முதலுதவி நிலையத்தின் மேலேயே குண்டு விழுந்தது. மூன்று மாடிக் கட்டிடம் ஆள் உயரக் குப்பை மேடாகிவிட்டது. மேலே தீ.

கட்டிடத்துக்குள் கிடந்த காயக்காரர்கள் சுமார் 30 பேர் செத்தார்கள். ரெனேயும் செத்தார்.

அகஸ்டாவை வெடி தூக்கிச் சுவரோடு அடித்தது. சுவரே உடைந்து அந்தப் பக்கம் போய் விழுந்தார். எழுந்து பார்த்தால் உடம்பில் பெரிய காயம் ஒன்றும் இல்லை!

மனசில் பட்ட காயம்தான் ஆறவே இல்லை.

பாரசூட் பட்டு

விமானத்தில் இருந்து மருந்தும் குண்டும் பாரசூட்டில் கட்டி இறக்குவார்கள். அந்தப் பட்டுத் துணியில் ஒன்றாவது கிடைத்தால் கல்யாண உடுப்பு தைத்துக்கொள்ளலாம் என்று ரெனேவுக்கு ஆசை. ஒவ்வொரு தடவையும் ஓடுவார். சிப்பாய்கள் முந்திக்கொள்வார்கள். கடைசி வரை கிடைக்கவில்லை.

செத்த பிறகு கிடைத்தது. டாக்டர் பிரயர் அவர் உடலை வெள்ளைப் பாரசூட்டில் சுற்றி, பெற்றவர்களிடம் கொண்டு போய் ஒப்படைத்தார். ரெனேவைப் பாராட்டி மேலதிகாரிக்கு எழுத்து மூலம் சிபாரிசும் அனுப்பினார்.

ரெனேவின் கதை ஊர் முழுக்கப் பரவியது. "பாஸ்தோன் தேவதை" என்று பேர் வந்தது. நியாயமான பேர்தான். உயிரையே கொடுத்தவர் அல்லவா?

ஆனால் பிழைத்தவரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். குண்டு விழுந்த அன்றே அவரும் செத்துப்போனதாக நினைத்தவர்களும் உண்டு.

வாயை மூடிக்கொண்ட தாய்

டிசம்பர் 26-ந் தேதி ஜெனரல் பேட்டனின் டாங்கிப் படை வந்து முற்றுகையை உடைத்தது. அகஸ்டா மேலும் சில வாரம் வேலை பார்த்தார். ஜனவரியில் டாக்டர் தன் படையோடு போய்விட்டார். கதை முடிந்தது.

பிற்பாடு அகஸ்டா முதுகெலும்பு அடிபட்டவர்களைக் கவனிக்கும் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். 1959-ம் வருடம் பெல்ஜிய ராணுவத்தைச் சேர்ந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரு மகன். ஒரு மகள்.

டூட்டி, சமையல், பிள்ளைகள், அவர்கள் படிப்பு. எந்த ஊரிலும் வேலைக்குப் போகிற தாய்மாரின் பாடு அதுதானே. அதற்கு மத்தியில் அந்த டிசம்பரைப் பற்றி அவர் பேசியது மிகக் குறைவு.

பெருமை வேண்டாம் என்று மட்டும் வாய் மூடவில்லை. பேச முடியவில்லை என்பதே உண்மை. சுவரோடு பெயர்ந்து விழுந்த அந்த ராத்திரி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. போர் பார்த்த பலருக்கும் இப்படி ஆகும். வாய் அடைத்துவிடும்.

மறக்காத ஜீவன் ஒன்று உண்டு. அது டாக்டர் பிரயர். கிறிஸ்துமஸ் வந்தால் கடிதம் வரும், மிட்டாய் வரும். இங்கிருந்தும் போகும். அவர் சாகும் வரை அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை.

"யார் அந்த அன்னா?"

அமெரிக்க சரித்திர ஆசிரியர் ஸ்டீபன் ஆம்புரோஸ் போரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 2001-ம் வருடம் அது "பேண்ட் ஆப் பிரதர்ஸ்" என்று டி.வி. தொடராக வந்தது. அதில் பாஸ்தோன் காட்சியில் ஒரு கறுப்பு நர்சு சில நிமிடம் வந்து போவார். பெயர் "அன்னா".

அதைப் பார்த்த ஸ்காட்லாந்துக்காரர் மார்ட்டின் கிங்குக்கு உறுத்தல். "யார் இந்தப் பெண்? நிஜமாகவே இருந்தாரா? என்ன ஆனார்?"

துப்பறியும் போலீஸ் மாதிரி தேடினார். கடைசியில் முதியோர் இல்லத்தில் கண்டுபிடித்தார். உயிரோடு!

அகஸ்டா உடனே வாய் திறக்கவில்லை. கிங் திரும்பத் திரும்பப் போனார். மெல்ல மெல்லக் கதை வெளியே வந்தது.

பிறகு அரசாங்கங்களும் விழித்துக்கொண்டன. 2011-ம் வருடம் ஜூன் மாதம் பெல்ஜிய மன்னர் இரண்டாம் ஆல்பர்ட், அவருக்கு "நைட்" பட்டம் கொடுத்தார். டிசம்பர் மாதம் பிரஸ்ஸல்சில் அமெரிக்கத் தூதர் ஹோவர்ட் கட்மன், அமெரிக்க ராணுவத்தின் மனிதாபிமான சேவை விருதை வழங்கினார்.

அப்போது பாட்டிக்கு வயது 90. சம்பவம் நடந்து 67 வருடம் ஆகியிருந்தது. அவர் கையால் கட்டுப் போட்டுப் பிழைத்த சிப்பாய்களில் பலர் அதற்குள் பேரன் பேத்தி பார்த்துக் கண்ணையும் மூடிவிட்டார்கள்.

பாராட்டுக்குப் பதில் சொல்லும்போது அகஸ்டா நீட்டி முழக்கவில்லை. தான் செய்தது சாதாரண காரியம், யாராக இருந்தாலும் செய்திருப்பேன், நாம் எல்லோரும் கடவுளின் பிள்ளைகள் என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

"கறுப்பி தொடக்கூடாது" என்றவனையும் சேர்த்துத்தான் சொன்னார்.

2015-ம் வருடம் ஆகஸ்டு 23-ந் தேதி, 94-வது வயதில் அகஸ்டா சிவி காலமானார்.

ரெனேவுக்குக் கொடுத்த பேரில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கட்டிடத்தில் தேவதைகள் இரண்டு பேர். ஒருவரை ஒரே ராத்திரியில் ஊர் தெரிந்துகொண்டது. இன்னொருவரைத் தெரிந்துகொள்ள 67 வருடம் பிடித்தது!