ஒரு நாள், ஒரு செயல், ஒரு வாக்கியம்

பிள்ளைகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் நம்மில் பலருக்கு உள்ளூர ஓர் அச்சம் எழுவதுண்டு. தமிழ் வழியில் படித்து, மணமாகி, அடுப்படியிலேயே பல ஆண்டுகளைக் கழித்துவிட்ட தாய்மாருக்கு அவ்வச்சம் சற்று மிகுதி. நாமும் அத்தகையோருள் ஒருவரே.

எம் மகள் ஏழாம் வகுப்பில் படித்தபோது நடந்தது இது. கூட்டத்தில் வகுப்பாசிரியை எம்மை நோக்கி ஆங்கிலத்தில் ஏதோ வினவினார். வினா புரிந்தது, விடையும் நெஞ்சில் இருந்தது, நாவில் மட்டும் ஒரு சொல்லும் எழவில்லை. அருகில் நின்ற மகளே எமக்காக விடை கூறினாள். கூறும்போது அவள் தலை கவிழ்ந்திருந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அவளும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும், எம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவரிடம் இம்மனக்குறையைச் சொன்னோம். அவர் புன்னகைத்து, “இலக்கண நூலைச் சிறிது காலம் மூடி வையுங்கள், அம்மா. அன்றன்று உங்கள் கையால் செய்த ஒரு காரியத்தை, இரவில் ஒரே ஒரு வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுதுங்கள். இரண்டு நிபந்தனைகள் உண்டு. செய்யாததை எழுதக் கூடாது, நேற்று எழுதியதை இன்று எழுதக் கூடாது” என்றார்.

மிக எளிது என்று எண்ணினோம். முதல் நாள், சோறு சமைத்தேன் என்று எழுதினோம். இரண்டாம் நாள், துணி துவைத்தேன். மூன்றாம் நாள், வீடு பெருக்கினேன். நான்காம் நாள் எழுதுவதற்கு ஒன்றுமில்லை! செய்ததையே நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்து வந்திருக்கிறோம் என்னும் உண்மை அன்றுதான் எமக்கு உறைத்தது. குறிப்பேட்டை மூடிவிட்டுப் பின்கட்டுக்குச் சென்றோம். அங்கே ஒரு தொட்டியில், கவனிப்பாரற்று ஒரு கறிவேப்பிலைக் கன்று வாடி நின்றது. அரிசி கழைந்த நீரை அதற்கு ஊற்றினோம். அன்றைய வாக்கியம் கிடைத்துவிட்டது.

அதன் பின்னர், வாக்கியம் தேடியே செயல்கள் பிறந்தன. கோடைக்காலத்தில் ஆழமில்லாத மண்தட்டில் பறவைகளுக்குத் தண்ணீர் வைத்தோம். தேங்கிய நீரில் கொசு முட்டையிடும் ஆதலால், நாள்தோறும் தட்டைத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்பினோம். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது எம் வீட்டிலும் ஒரு குழி அமைத்திருந்தோம். பின்னர் அதை மறந்தே போயிருந்தோம். அதில் அடைந்திருந்த சருகையும் மண்ணையும் அகற்றினோம். கடைக்குத் துணிப்பை எடுத்துச் சென்றோம். அடியிலும் பக்கங்களிலும் துளையிட்ட பழைய மண்பானையில் காய்கறித் தோலை இட்டு, அதன்மேல் காய்ந்த சருகைப் பரப்பினோம். வாரம் ஒரு முறை கிளறிவிட்டோம். ஈரம் மிகுந்து நாற்றம் எழுந்தபோது இன்னும் சிறிது சருகைச் சேர்த்தோம். மூன்று மாதங்களில் அது கருமையான எருவாயிற்று. மழை பெய்த மண்ணின் மணம் அதில் வீசியது. வாடி நின்ற கன்றுக்கு அதைத்தான் இட்டோம்.

வாக்கியங்களைத் திருத்தும் பொறுப்பு எம் மகளுடையதாயிற்று. முதலில் தயங்கினாள், பின்னர் சிவப்புப் பென்சிலும் கையுமாக இரவுதோறும் வந்து அமர்ந்தாள். ஒருநாள் எம் குறிப்பேட்டைப் படித்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். “அம்மா, நீ செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை; தண்ணீருக்குச் சலிப்பூட்டியிருக்கிறாய்!” என்றாள். ஊற்றுதல் என்னும் பொருளுள்ள ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை நாம் மாற்றி எழுதிவிட்டோம்! ‘படம்’ என்னும் சொல்லிலும் ‘கம்பு’ என்னும் சொல்லிலும் பகரத்தின் ஒலி வேறாயினும் தமிழில் எழுத்து ஒன்றே; ஆங்கிலத்தில் இரண்டிற்கும் தனித்தனி எழுத்துகள் உள்ளன. பள்ளியில் பல ஆண்டுகள் விளங்காத இது, அன்றைய சிரிப்பில் விளங்கிற்று. பெற்ற மகளிடம் பாடம் கேட்பதில் இழிவொன்றும் இல்லை என்பதும் உடன் விளங்கிற்று.

மற்றொரு நாள் அவள் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வியப்பான செய்தியொன்றைக் கண்டாள். ஆங்கிலேயர் ‘டீக்’ என்பது நம் தேக்கு. ‘மேங்கோ’ என்பது நம் மாங்காய். ‘காயர்’ என்பது கயிறு. ‘பீட்டல்’ என்பது வெற்றிலை. தமிழிலிருந்தும் அதன் உடன்பிறப்பாகிய மலையாளத்திலிருந்தும், பெரும்பாலும் போர்த்துகீசியர் வழியாக, இச்சொற்கள் கடல் கடந்து சென்றன. வெட்டிவேரை அவர்களும் ‘வெட்டிவர்’ என்றே வழங்குகிறார்கள். வெட்டிவேர் வெறும் நறுமணப் பொருள் அன்று. அப்புல்லின் வேர்கள் பக்கவாட்டில் படராமல், நேர்கீழாக மூன்று மீட்டர் ஆழம் வரையிலும் இறங்கக்கூடியவை. ஆகையால், சரிவான நிலங்களில் மழை மண்ணை அரித்துச் செல்லாதிருக்க, பல நாடுகளில் இதை வரிசை வரிசையாக நடுகிறார்கள். நம் மரமும் புல்லும் தந்த சொற்களைத் தன்னுள் வைத்திருக்கும் மொழியைக் கண்டு நாம் ஏன் நடுங்க வேண்டும்?

அயல்மொழியை முதிர்ந்த வயதில் கற்பது இயலாதென்போர் வீரமாமுனிவரை நினைத்துக்கொள்வது நலம். இத்தாலியில் 1680ஆம் ஆண்டு பிறந்த அவர், ஏறத்தாழ முப்பது வயதில்தான் தமிழகம் வந்து நம் மொழியைப் பயிலத் தொடங்கினார். அவரே பின்னாளில் தேம்பாவணியைப் பாடினார். 1732இல் சதுரகராதியைத் தொகுத்தார். அவரும் தொடக்கத்தில் தவறாகப் பேசியவராகவே இருந்திருப்பார், கேட்டவர்கள் சிரித்துமிருப்பார்கள். அவ்வாறே, இயற்கையைக் காப்பது அரசுகளுக்கும் அறிஞர்களுக்கும் உரிய பெருங்காரியம் என்றெண்ணி நாம் ஒதுங்கவும் வேண்டியதில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில், நீரைச் சிக்கனமாகச் செலவிடுவதையும், குப்பையைப் பிரித்து வைப்பதையும், மரம் நடுவதையும், வேண்டாத விளக்கை அணைப்பதையும் உயர்ந்த செயல்களாகவே எடுத்துரைக்கிறார்.

மறு ஆண்டும் பெற்றோர் கூட்டம் வந்தது. அதே பள்ளி, வேறோர் ஆசிரியை. வளாகத்தின் மூலையில் வேப்பஞ்சருகைக் குவித்துத் தீயிட்டிருந்தார்கள். புகை வகுப்பறைக்குள் புகுந்து பிள்ளைகள் இருமினார்கள். ஆசிரியை ஆங்கிலத்தில், ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். நெஞ்சு படபடத்தது. ஆயினும் ஓராண்டாக இரவுதோறும் எழுதிய வாக்கியங்கள் துணைக்கு வந்தன. இலைகளை எரிக்க வேண்டாம். ஒரு குழி தோண்டி அதில் இடுங்கள். மூன்று மாதத்தில் உரமாகும். என் வீட்டில் செய்து பார்த்திருக்கிறேன். இவ்வளவையும் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்திலேயே சொல்லி முடித்தோம். ஆசிரியை பொறுமையுடன் கேட்டுக் குறித்துக்கொண்டார். எம் மகளின் தலை இம்முறை கவிழவில்லை. சில வாரங்கள் கழித்து, வளாகத்தின் மூலையில் குழி தோண்டியிருக்கிறார்கள் என்று அவளே வந்து சொன்னாள்.

கூட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் அவள் எம் காதருகே, “அம்மா, ‘லீஃப்ஸ்’ அன்று, ‘லீவ்ஸ்’ என்று சொல்ல வேண்டும்” என்றாள். இருவரும் சிரித்துக்கொண்டே நடந்தோம்.

அன்புள்ள தாய்மார்களே, இன்றிரவு ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்து வையுங்கள். எழுதுவதற்கு ஒன்றுமில்லை எனில், எழுந்து பின்கட்டுக்குச் செல்லுங்கள். அங்கே ஏதேனும் ஒரு கன்று தண்ணீருக்காகக் காத்து நிற்கும்.