பரணை காலி பண்றீங்களா? பழைய பாஸ்புக்கை தூக்கி போடாதீங்க!

போகி நெருங்கினாலே வீட்டுக்கு வீடு பரண் ஏறும் படலம் தொடங்கிவிடும். வயதானவர்கள் இருக்கும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். ஓட்டை அண்டா, கைப்பிடி போன குக்கர், மூட்டை மூட்டையாக துணி... எதை எடுத்தாலும், "இருக்கட்டும்டா, என்னைக்காவது உதவும்" என்பார் அம்மா. "எல்லாம் குப்பைம்மா" என்பார் மகன்.

இந்த சண்டையில் குப்பையோடு சேர்ந்து பணமும், பத்திரமும் பழைய பேப்பர் கடைக்கு போய்விடும் ஆபத்து உண்டு.

அரிசி டப்பா, புடவை மடிப்பு, தலையணை உறை என்று பணத்தை ஒளித்து வைப்பது பாட்டிமார்களின் வழக்கம். திருப்பூர் மாவட்டத்தில் மூதாட்டிகளான அக்காள்-தங்கை இருவர் சிறுகச் சிறுக சேர்த்த ரூ.46 ஆயிரம், பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளாக இருந்தது 2019-ல் தெரியவந்தது. அவை 2016 நவம்பரிலேயே செல்லாமல் போனவை. மருத்துவ செலவுக்கு என வைத்திருந்த பணம் வெறும் காகிதமாகிவிட்டது.

ஆனால் 2000 ரூபாய் நோட்டு கிடைத்தால் கிழித்துப்போட வேண்டாம். 2023-ல் புழக்கத்தில் இருந்து திரும்பப் பெறப்பட்டாலும், அது செல்லாது என்று ரிசர்வ் வங்கி அறிவிக்கவில்லை.

பாஸ்புக் பத்திரம்

10 ஆண்டுகள் வரவு-செலவு இல்லாத வங்கி கணக்கில் உள்ள பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு போய்விடும். போனாலும் அது உங்கள் பணம்தான். கணக்கு வைத்திருந்தவரோ, அவர் இறந்திருந்தால் வாரிசோ அதே வங்கியில் விண்ணப்பித்து வாங்கலாம். பெயரை வைத்து இத்தகைய கணக்குகளை தேட 'உத்கம்' என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி 2023-ல் தொடங்கியது. தாத்தாவின் கிழிந்த பாஸ்புக் இருந்தால் வேலை இன்னும் சுலபம். நிலப் பத்திரம், எல்.ஐ.சி. பாலிசி, பென்ஷன் புத்தகம் ஆகியவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள்.

எங்கே தொடங்குவது?

முதலில் பரண் அல்ல, தரை. கட்டிலில் இருந்து பாத்ரூம் போகும் வழியில் கிடக்கும் ஸ்டூல், வயர், வழுக்கும் கால்மிதி எல்லாவற்றையும் அகற்றுங்கள். ராத்திரி தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தால் படுத்த படுக்கைதான். அடுத்து மருந்து டப்பா. தேதி முடிந்த மாத்திரைகளை தனியே எடுத்துவிடுங்கள். பரணுக்கு இளசுகள் ஏறட்டும். பெரியவர்கள் கீழே நாற்காலியில் உட்கார்ந்து சொல்லட்டும். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி போதும்.

கழித்த டயர், பிளாஸ்டிக்கை கொளுத்தாதீர்கள். 2018 போகி புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தரை இறங்க முடியாமல் தவித்தன. மூச்சிரைப்பு உள்ள தாத்தா, பாட்டி என்ன செய்வார்கள்?

முக்கியமான ஒன்று: பெரியவர் கோவிலுக்கு போன நேரம் பார்த்து வீட்டை ஒழிக்காதீர்கள். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்!