ஃபைபர் போட்டாச்சு, ஜாயின்ட் வெட்டுறது எப்போ?

சிவில் நண்பர்களே, முதல்ல ஒரு கேள்வி. ஒரு குடோனுக்கு 150 மி.மீ. தடிமன்ல தரை போடுறாங்க. கம்பி வலை கிடையாது. அதுக்குப் பதிலா ஒரு கன மீட்டருக்கு 25 கிலோ ஸ்டீல் ஃபைபர். மதியம் கான்கிரீட் போட்டு, சாயங்காலம் பவர் ட்ரோவல் ஓட்டி முடிச்சாச்சு. "அதான் ஃபைபர் இருக்கே சார், காலையில வந்து ஜாயின்ட் வெட்டிக்கலாமா?"ன்னு கட்டிங் ஆள் கேட்கிறார். அடுத்த வருஷம் நம்மள்ல பல பேர் சைட்ல இதுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். "சரி"ன்னு சொன்னா என்ன ஆகும்னு பார்ப்போம்.

ஜாயின்ட் எதுக்கு?

கான்கிரீட் காயும்போது சுருங்கும். டெஸ்ட் டேட்டா இல்லைன்னா மொத்தச் சுருக்கத்தை 0.0003 என்று எடுத்துக்கலாம்னு ஐஎஸ் 456 சொல்லுது. 20 மீட்டர் நீள ஸ்லாபுக்குக் கணக்குப் போட்டா 6 மி.மீ. ஆனா அடித்தரையோட உராய்வு ஸ்லாபை ஃப்ரீயா சுருங்க விடாது, பிடிச்சு வைக்கும். உள்ளே இழுவிசை ஏறும். கான்கிரீட்டோட இழுவலிமை, அமுக்க வலிமையில சுமார் பத்தில் ஒரு பங்குதான். அதனால விரிசல் வந்தே தீரும். எங்கே வரணும்னு முடிவு பண்றது மட்டும்தான் நம்ம கையில இருக்கு.

மாத்திரைக்கு நடுவுல ஒரு கோடு இருக்குமே, அழுத்தினா அங்கதான உடையும்? கன்ட்ரோல் ஜாயின்ட்டும் அதே வேலையைத்தான் பண்ணுது. 4.5 மீட்டருக்கு ஒரு வெட்டுப் போட்டா, அந்த 6 மி.மீ. ஒரே இடத்துல திறக்காம, ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் சுமார் 1.35 மி.மீ.ன்னு பிரிஞ்சிடும்.

காயறதுக்கு மாசக்கணக்குல ஆகுமே, அப்புறம் ஏன் அன்னைக்கு ராத்திரியே அவசரம்? காரணம் வெப்பம். சிமென்ட் தண்ணியோட சேரும்போது சூடு வெளிவரும், ஸ்லாபும் சூடாகும். ராத்திரி காத்து குளிர்ந்ததும் ஸ்லாபும் குளிர்ந்து சுருங்கும். அந்த நேரத்துல கான்கிரீட்டுக்கு வலிமையே சரியா வந்திருக்காது. முதல் ராத்திரிதான் பெரிய கண்டம்.

சீக்கிரமும் தப்பு, லேட்டும் தப்பு

சீக்கிரம் வெட்டினா பிளேடு ஜல்லியைப் பிடுங்கும், ஓரம் உதிரும். லேட்டா வெட்டினா விரிசல் ஏற்கெனவே தன் இஷ்டத்துக்கு ஓடியிருக்கும். நடுவுல இருக்கிற இடைவெளிதான் நமக்குக் கிடைக்கிற நேரம். தண்ணி விட்டு வெட்டுற சாதாரண மெஷினுக்கு ஃபினிஷிங் முடிஞ்சதிலிருந்து 4 முதல் 12 மணி நேரம், எர்லி என்ட்ரி மெஷினுக்கு 1 முதல் 4 மணி நேரம் என்பது ஏசிஐ 302 தரும் பொது வழிகாட்டல். வெயில் காலத்துக்குக் கம்மியான எண், குளிர் காலத்துக்கு அதிகமான எண்.

ஃபைபர் வந்தா என்ன மாறும்?

ஃபைபர் போட்டா நேரம் கூடுதலா கிடைக்கும்னு தோணும். நடக்கிறது நேர்மாறு.

தரைகளுக்குப் போடுற 20, 30 கிலோ அளவுல, ஸ்டீல் ஃபைபர் முதல் விரிசலைத் தடுக்காது. விரிசல் விட்ட பிறகுதான் இரண்டு பக்கத்தையும் பிடிச்சு, அது அகலமாகாம பார்த்துக்கும். அதனால 'இதுக்கு மேல லேட் பண்ணக்கூடாது' என்கிற எல்லை பெரிசா நகராது. ஆனா 'இதுக்கு முன்னாடி வெட்டக்கூடாது' என்கிற எல்லை பின்னாடி தள்ளிப்போகும். கான்கிரீட் இன்னும் ஃபைபரை இறுக்கிப் பிடிக்கலைன்னா, பிளேடு அதை வெட்டாம இழுத்துட்டு வரும். கூடவே ஓரமும் பேர்ந்து வரும். ஒரு எல்லை அப்படியே நிக்க, இன்னொன்னு அதை நோக்கி வருது. இடைவெளி சுருங்கிடுது.

ஆழமும் முக்கியம். சாதாரண ஸ்லாப்ல தடிமன்ல கால் பங்கு போதும்னு வெட்டுவாங்க. ஃபைபர் ஸ்லாபுக்கு மூணுல ஒரு பங்கு நல்லது, அதாவது 150 மி.மீ.க்கு 50 மி.மீ. வெட்டுக்குக் கீழே இருக்கிற ஃபைபர் பிடிச்சுக்கிட்டா அந்த ஜாயின்ட் திறக்காது. நாலு ஜாயின்ட்ல மூணு திறக்கலைன்னா, மொத்தச் சுருக்கமும், கிட்டத்தட்ட 5.4 மி.மீ., நாலாவது தலையில விழும். ஃபோர்க்லிஃப்ட்டோட சின்னச் சக்கரம் தினமும் அந்த இடத்துல இடிச்சு இடிச்சு ஓரத்தை உடைக்கும்.

சைட்ல முடிவு பண்றது எப்படி?

கடிகாரத்தை மட்டும் நம்பாதீங்க. மெச்சூரிட்டி கணக்கு ஞாபகம் இருக்கா? நர்ஸ்-சால் முறையில கான்கிரீட் வெப்பநிலையோட 10-ஐக் கூட்டி, நேரத்தால பெருக்கணும். 20 டிகிரியில 10 மணி நேரம்னா 300. அதே 300 வர 32 டிகிரியில சுமார் 7 மணி நேரம் போதும். டிசம்பர்ல சரியா வந்த நேரம் மே மாசத்துல லேட் ஆகிடும். ரிடார்டர், ஃப்ளை ஆஷ் இருந்தா கான்கிரீட் இறுகவே நேரமாகும், கணக்கு திரும்பவும் மாறும்.

கடைசியா பதில் சொல்றது ட்ரையல் கட்தான். ஒரு ஓரமா ஒரு அடி நீளத்துக்கு வெட்டிப் பாருங்க. ஜல்லி பேர்ந்தாலோ ஃபைபர் முடி மாதிரி நீட்டிக்கிட்டு நின்னாலோ நிறுத்திட்டு, அரை மணி நேரம் கழிச்சு மறுபடி வெட்டிப் பாருங்க. ஓரம் லேசா சொரசொரப்பா நின்னா உடனே ஆரம்பிங்க. முதல்ல கான்கிரீட் போட்ட பக்கத்துல இருந்து வெட்டுங்க. வெட்டும்போது பிளேடுக்கு முன்னாடி விரிசல் ஓடினா, அந்த ஜாயின்ட்டை அத்தோட நிறுத்திடுங்க.

எர்லி என்ட்ரி மெஷின்ல பிளேடைச் சுத்தி ஒரு ஸ்கிட் பிளேட் இருக்கும். ஓரம் பேராம அமுக்கிப் பிடிக்கிறது அதுதான். பிளேடு மாத்தும்போது அதையும் மாத்தணும். பெரும்பாலும் தண்ணி இல்லாம வெட்டுறதால சிலிக்கா தூசி பறக்கும். வெட்டுறவருக்கு நல்ல மாஸ்க்கும் தூசி உறிஞ்சியும் கட்டாயம். அது நேரா நுரையீரலுக்குப் போற தூசி.

இதெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு யோசிக்கிற விஷயம் இல்ல. கான்கிரீட் போடுற பிளான் எழுதும்போதே கட்டிங் ஆளோட நைட் ஷிஃப்ட், லைட், ஸ்பேர் பிளேடு, கூட ஒரு மெஷின் எல்லாத்தையும் எழுதிடுங்க. அவருக்கு நைட் சாப்பாட்டையும் சேர்த்துத்தான்.