வளர்ந்த மகனிடம் நாங்கள் கண்டும் காணாதவை

எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்று பிற பங்குக் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் எனக் கருதி இதனை எழுத முன்வந்துள்ளோம். ஊரையும் பெயர்களையும் தவிர்த்திருக்கிறோம். எங்கள் மகன் இக்கட்டுரையைப் படித்து, இரண்டு இடங்களில் திருத்தமும் சொல்லி, "அனுப்புங்கள் அப்பா" என்ற பின்னரே ஆசிரியருக்கு அனுப்பினோம்.

எங்களுக்கு மக்கள் இருவர். மூத்தவள் ஆசிரியப் பயிற்சி முடித்தவள். இளையவன், ஏழாம் வகுப்பு முதலே ஞாயிறு திருப்பலியில் கீபோர்டு வாசித்தவன். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் குடில் அமைப்பதென்றால், தெருப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு வைக்கோல் தேடிப் புறப்படுவான். பொறியியல் இரண்டாம் ஆண்டு பயின்றபோது அவனுக்கு வயது பத்தொன்பது. அவ்வாண்டு டிசம்பர் விடுமுறைக்கு விடுதியிலிருந்து வந்தவன் குடில் கட்ட வரவில்லை. தலைவலி என்றான். நாங்களும் நம்பினோம்.

அதன்பின் வந்தவற்றை இன்று வரிசைப்படுத்திச் சொல்ல முடிகிறது. அன்று அவை வரிசையாகத் தோன்றவில்லை. இரவெல்லாம் விழித்திருந்து பகலில் உறங்கினான். நண்பர்கள் அழைத்தால் கைப்பேசியை எடுப்பதில்லை. நான்கு பாடங்களில் தோற்றான். நாளுக்கு இருமுறை குளிப்பவனை, வாரத்திற்கு ஒருமுறை குளிக்கச் சொல்லி நாங்கள் கெஞ்ச வேண்டியதாயிற்று. அவனை மடியில் வைத்து வளர்த்த பாட்டி இறந்தபோது, பெட்டியருகே முகத்தில் எவ்வித அசைவுமின்றி நின்றான். ஒரு கணம் உதட்டில் சிறு புன்னகையும் தோன்றி மறைந்தது. உறவினர்கள் அவனைக் கல்நெஞ்சன் என்றார்கள். எங்களுக்கு அவமானமாக இருந்தது. அவனுக்கு என்ன நேர்ந்தது என்று வினவ அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

பிறகு பாடகர் குழுவை விட்டான். காரணம் கேட்டபோது, "நான் வாசிக்கப்போகும் சுரம் எனக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது" என்றான். கோவிலில் யாரேனும் இருமினால் அது தன்னைப் பற்றிய சைகை என்றான். தொலைக்காட்சிப் பெட்டியின்மீது போர்வையைப் போட்டு மூடினான். தாய் முதலில் ஒரு கவளம் உண்ட பிறகே தட்டைத் தொட்டான்.

இவை ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு பெயர் ஆயத்தமாக இருந்தது. பகலுறக்கத்துக்குச் சோம்பல் என்று பெயர். தேர்வுத் தோல்விக்குக் கைப்பேசி மோகம். தனிமைக்குக் காதல் தோல்வி. அப்படி ஒரு பெண் இருந்தாள் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லாவிடினும் அப்பெயர் எங்களுக்கு ஆறுதலளித்தது! கோவிலுக்கு வராததற்குப் பக்திக் குறைவு. ஒவ்வொரு பெயருக்கும் ஏற்றபடி ஒரு கண்டனமும் கைவசம் இருந்தது. முதன்முதலில் உண்மையைச் சொன்னவள் எங்கள் மகளே. "தம்பி இரவில் யாருக்கோ பதில் சொல்கிறான், அம்மா" என்றாள். அவ்வேளையில் அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். "வெளியே சொல்லாதே, உன் வாழ்வு கெட்டுவிடும்" என்று அவள் வாயை அடைத்தோம். எங்கள் குற்றங்களுள் இதனையே பெரிதாக எண்ணுகிறோம்.

மனச்சிதைவு என்ற சொல்லை அதுவரை நாங்கள் கேள்விப்பட்டதேயில்லை. சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ஆய்கன் புளூலர் 1908-ஆம் ஆண்டு 'ஸ்கிசோஃப்ரீனியா' என்று பெயரிட்ட நோய் இது. பெயரைக் கேட்டதும், ஒரே ஆளுக்குள் இரு மனிதர் மாறிமாறி வெளிப்படும் திரைப்படக் காட்சிகள் பலருக்கு நினைவில் எழும். அது வேறு, இது வேறு. நினைப்பு, உணர்ச்சி, புலன் ஆகியவை ஒன்றோடொன்று இணங்கிச் செல்லும் ஒழுங்கு இந்நோயில் குலைகிறது. இல்லாத குரல் காதில் விழுகிறது. அடிப்படையற்ற ஐயம் அசைக்க முடியாத உறுதியாகிறது. உலகில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் இதனால் துன்புறுகின்றனர். ஆண்களிடம் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதிக்குள்ளும், பெண்களிடம் சற்றுத் தாமதித்தும் தலைகாட்டுகிறது. பிள்ளை வீட்டைவிட்டு வெளியூரில் படிக்கும் காலமும், முதல் வேலையில் சேரும் காலமும் அதுவே ஆகையால், மாற்றத்தை அருகிருந்து காணும் வாய்ப்புப் பெற்றோருக்குக் குறைவு.

குரல் கேட்பதும் சந்தேகமும் பின்னர் வருபவை. பலரிடம் அவற்றுக்குப் பல மாதங்கள் முன்பே, சில வேளைகளில் ஆண்டுகள் முன்பே, சிறு மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன. அம்மாற்றங்களைத் தனித்தனியே எடுத்து நோக்கினால் எந்த இளைஞனிடமும் காணத்தக்கவைதாம். எந்தப் பிள்ளைதான் தாமதமாக எழுவதில்லை? கதவைச் சாத்திக்கொள்ளாத பத்தொன்பது வயது எங்கே உண்டு? ஆகவே அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதால் பயனில்லை. அவனை அவனோடே ஒப்பிட வேண்டும். கலகலப்பாக இருந்தவன் ஒடுங்குகிறானா? தூய்மையில் கருத்துள்ளவன் அதனை விட்டானா? பேச்சின் நடுவே நின்று எதையோ உற்றுக் கேட்கிறானா? சொல்லும் வாக்கியம் முன்போல் ஓர் இடத்திற்குப் போய்ச் சேர்கிறதா? இத்தகையவை பல சேர்ந்து, வாரக்கணக்கில் நீடித்து, படிப்பையோ வேலையையோ நட்பையோ சிதைக்குமாயின், அதற்குமேல் காத்திருத்தல் ஆகாது. இவையெல்லாம் இருந்தும் நோய் வேறாக இருக்கலாம். மனச்சோர்வு, கஞ்சாப் பழக்கம், தைராய்டு கோளாறு, வலிப்பு நோய் ஆகியவையும் இத்தகைய தோற்றம் தரும். அதனைப் பிரித்தறிவது மருத்துவர் பணி. எங்களைப்போல் வீட்டிலிருந்தே பெயர் சூட்டுவது பெற்றோர் பணியன்று.

நாங்கள் மருத்துவரிடம் போகவில்லை. அவனுடைய அத்தை, "காற்றுக் கறுப்பு ஏதோ அண்டியிருக்கிறது" என்றார். தென்மாவட்டத் திருத்தலம் ஒன்றுக்குப் பதின்மூன்று செவ்வாய்க்கிழமைகள் அவனை அழைத்துச் சென்றோம். எங்கள் செபத்தைக் குறித்து நாங்கள் வருந்தவில்லை. செபத்தை மருத்துவத்துக்குப் பதிலாக வைத்ததைக் குறித்தே வருந்துகிறோம். இறுதியில் எங்களைத் திருப்பியனுப்பியவர் அத்திருத்தலத்தின் குருவானவரேதாம். மகனிடம் அரைமணி நேரம் தனியே பேசிவிட்டு வந்து, "இவன் நோயுற்றிருக்கிறான். செபிக்கிறேன், நாளையே மனநல மருத்துவரிடம் கொண்டுபோங்கள்" என்றார். எங்களுக்குச் சினம் வந்தது. அவர் சொன்னது திருச்சபையின் போதனையே என்பது பின்னர்தான் தெரிந்தது. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 1673-ஆம் எண்ணில், உளநோயைத் தீய ஆவியின் செயலினின்று வேறுபடுத்தி, அதற்குச் சிகிச்சையளித்தல் மருத்துவ அறிவியலின் பொறுப்பு என்று தெளிவாகக் கூறுகிறது. ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றி எவரும் பேயோட்டும் சடங்கு நடத்தலாகாது என்பதும் திருச்சபைச் சட்டம்.

ஏர்வாடியை நம் மக்கள் மறந்துவிடக் கூடாது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து அச்சிற்றூரில், கூரைக் கொட்டகை ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மடிந்தனர். அவர்களும் குடும்பத்தாரால் நலம் வேண்டி அழைத்து வரப்பட்டவர்களே. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடை செய்கிறது.

முதல் குடில் கட்டப்படாத நாளிலிருந்து மருத்துவர் அறைக்குள் நுழைந்த நாள் வரை பதினான்கு மாதங்கள் கழிந்திருந்தன. சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீள, மீட்சி அரிதாகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மருத்துவர் இதனை எங்களைக் குற்றஞ்சாட்டும் குரலில் சொல்லவில்லை. அவன் எப்போது முதல் உறங்கவில்லை, யாருடன் பேசுவதை நிறுத்தினான், குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் இருந்ததா, புகை அல்லது கஞ்சா உண்டா, உயிரை விடுவதுபற்றிப் பேசினானா என வினவினார். இந்நோயை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ கிடையாது. பிற நோய்களை விலக்கவே அவை உதவும். ஆகையால் பெற்றோர் கொண்டுசெல்லும் செய்தியே மருத்துவருக்குப் பெருந்துணை. தேதியிட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நலம்.

"எங்கள் வளர்ப்பில் குறையா?" என்று அவன் தாய் அழுதாள். தாயின் நடத்தையே இந்நோய்க்குக் காரணம் என்ற கருத்து 1948-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்க மருத்துவர் சிலரிடம் தோன்றி, பல அன்னையரை வாட்டியது உண்மை. அக்கருத்து கைவிடப்பட்டு நெடுங்காலமாகிறது. பரம்பரைக் கூறும், மூளையின் இரசாயன இயக்கமும், பிறப்புக்கு முன்னும் பின்னும் நேரும் பல காரணங்களும் கூடியே இந்நோய் உண்டாகிறது. பெற்றோருள் ஒருவருக்கு இருந்தாலும் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்குப் பத்தே.

அவனை அழைத்துச் செல்ல நாங்கள் பட்டபாடு தனிக்கதை. "உனக்குப் பைத்தியம்" என்றால் எவன் வருவான்? குரல் பொய் என்று வாதிட்டால் நாமும் எதிரிக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவோம். உண்மை என்று ஒப்புக்கொள்வதும் தவறு. "உனக்குக் கேட்கிறது, எங்களுக்குக் கேட்கவில்லை. நீ பயந்திருப்பது தெரிகிறது. உறக்கமில்லையே, அதற்காவது மருத்துவரைப் பார்ப்போம்" என்று அவன் அக்காள் சொன்னாள். உறக்கத்துக்காக என்றதும் வந்தான். பின்னாளில் அவன் எங்களிடம் கூறியது இது: "விடுதியிலேயே எனக்குப் பயமாக இருந்தது, அப்பா. நீங்கள் மதிப்பெண்ணைத்தான் கேட்டீர்கள்."

உயிரை மாய்ப்பதுபற்றிப் பேசினாலோ, ஏதேனும் செய்யும்படி குரல் கட்டளையிடுகிறது என்றாலோ, உணவும் நீரும் மறுத்தாலோ அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இந்நோயுற்றோருள் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவர் தற்கொலையால் இறக்கின்றனர். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் 1984-ஆம் ஆண்டு டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனம் இந்நோய்க்கெனவே உழைத்து வருகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறையை நம் நாட்டில் முன்னின்று வளர்த்தது. எங்குச் செல்வதென்றே தெரியாதவர்கள், 2022-இல் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

மருந்து ஒரே நாளில் வேலை செய்வதில்லை. எங்கள் மகனுக்குக் குரல்கள் மங்க ஐந்து வாரங்கள் ஆயின. உடல் பருத்தான், கை நடுங்கிற்று. மருத்துவர் அளவைக் குறைத்து, மருந்தையும் மாற்றினார். எட்டாம் மாதம், "சரியாகிவிட்டதே" என்று நாங்களே மாத்திரையை நிறுத்தினோம். மூன்று வாரங்களில் போர்வை மீண்டும் தொலைக்காட்சிமீது ஏறிற்று.

வீட்டின் பேச்சும் ஒருவகை மருந்தே என்று அறிந்தோம். நோயாளியை ஓயாது குறைகூறும் இல்லங்களுக்குத் திரும்பியோரிடம் நோய் மிகுதியாக மீண்டதை ஜார்ஜ் பிரவுன் முதலிய ஆங்கிலேய ஆய்வாளர்கள் 1972-இல் எடுத்துக்காட்டினர். அவன் தந்தைக்கு அது எளிதாக வரவில்லை. நாற்பது ஆண்டுப் பழக்கமாயிற்றே!

மூவரில் ஒருவரேனும் முழுமையாக நலம்பெற இயலும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எங்கள் மகன் அந்த ஒருவனா என்று இன்னும் சொல்வதற்கில்லை. பொறியியலை விட்டுவிட்டான். நகரத்து அச்சகம் ஒன்றில் பாதிநாள் வேலை பார்க்கிறான். மகளுக்கு வந்த முதல் சம்பந்தம், செய்தி தெரிந்ததும் நின்றுபோயிற்று. அடுத்து வந்தவர்களிடம், பெண் பார்க்க வந்த அன்றே அவளே சொல்லிவிட்டாள். அவர்கள் ஒரு வாரம் அவகாசம் கேட்டு, பின்னர் சம்மதித்தார்கள். திருமணத் திருப்பலியில் எங்கள் மகன் காணிக்கைப் பாடல் ஒன்றை மட்டும் வாசித்தான். ஓரிடத்தில் விரல் தடுமாறிற்று, நிறுத்தவில்லை. இவ்வாண்டு டிசம்பரில் வைக்கோலுக்கு ஆள் சொல்லியிருக்கிறான்.