ஆண்டுக்கு ஒரு வாரம்: விற்பவர் கணக்கும் வாங்கியவர் கணக்கும்

மே மாதத்து வெள்ளிக்கிழமை இரவுகளில் விழுப்புரம் மாவட்டத்துக் கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டைத் தாண்டித் தெற்கே விரையும் சென்னைக் கார்களில் பல, கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ போகிறவை. அவற்றில் சில குடும்பங்கள் போன இடத்தில் அறை வாடகை தரப்போவதில்லை. ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமைக்கு என்றோ மொத்தமாகப் பணம் கட்டிவிட்டார்கள். இதற்குப் பெயர் டைம்ஷேர். நம் பக்கத்தில் 'ஹாலிடே கிளப் மெம்பர்ஷிப்' என்றால் இன்னும் சட்டென்று புரியும்.

சென்னையோடு நின்றிருந்த இந்த வியாபாரம் இப்போது திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி என்று இறங்கி வந்திருக்கிறது. ஜவுளிக்கடையிலோ பெட்ரோல் பங்கிலோ கூப்பன் எழுதிப் போட்டிருப்பீர்கள். சில நாளில் போன் வரும்: "சார், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு. மேடத்தையும் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க." பரிசு வாங்கப் போனால் அங்கே நடப்பது மெம்பர்ஷிப் விற்பனை. மேடம் எதற்கு என்று யோசித்ததுண்டா? தனியாக வந்தவர் "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்துவிடலாம். ஜோடியாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த வழி கிடையாது. "இந்த விலை இன்னைக்கு மட்டும்தான்" என்பது அடுத்து வரும்.

1960-களில் ஐரோப்பாவில் பிறந்த யோசனை இது. நம் ஊருக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி, 1986-ல் சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங் நிறுவனம். கொடைக்கானலில் ஆரம்பித்து, 99 ஆண்டு உரிமை என்றெல்லாம் விற்றார்கள். பிறகு நிதி நெருக்கடியில் தடுமாறி, கைமாறி, 2014-ல் தாமஸ் குக் இந்தியாவிடம் போய்ச் சேர்ந்தது. 99 ஆண்டை நம்பியவர்கள், முப்பது ஆண்டுகூட முடியும் முன்பே முதலாளிகள் மாறுவதைப் பார்த்தார்கள். 1996-ல் மகிந்திரா குழுமம் இதே தொழிலில் இறங்கியது. கிளப் மகிந்திராவின் 25 ஆண்டுத் திட்டம்தான் இன்று பலருக்கும் தெரிந்த பெயர்.

விற்பவர் கையிலிருக்கும் துருப்புச்சீட்டு 'எக்ஸ்சேஞ்ச்'. கொடைக்கானல் சலித்துப்போனால் அந்த வாரத்தைக் கொடுத்துவிட்டு பாலி தீவுக்குப் போகலாம், சுவிட்சர்லாந்துக்குப் போகலாம் என்பார். பொய் இல்லை. 1974-ல் அமெரிக்காவில் ஜான், கிறிஸ்டல் டீஹான் தம்பதி தொடங்கிய ஆர்.சி.ஐ. நிறுவனம் இதைத்தான் செய்கிறது. உங்கள் வாரத்தை அவர்களிடம் போட்டுவைத்தால், வேறொருவர் போட்டதிலிருந்து ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளலாம். நெல் கொடுத்து உப்பு வாங்கிய காலத்துப் பண்டமாற்றுதான் இது. நெல் என்ன ரகம், எத்தனை படி என்று எதிராளி பார்க்காமல் விடமாட்டார்.

அங்கேதான் உதைக்கிறது. வாரங்களுக்கு நிறம் உண்டு. ஆர்.சி.ஐ. கணக்கில் சிவப்பு உச்ச சீசன், வெள்ளை நடுத்தரம், நீலம் ஆளில்லாத காலம். விலை குறைவு என்று நீல வாரத்தை வாங்கியவர், அதை வைத்து டிசம்பர் கடைசியில் கோவா கேட்டால் காத்திருக்க வேண்டியதுதான். பல மாதம் முன்பே வாரத்தைப் போட்டுவைத்தவருக்கே மதிப்பு அதிகம். இதற்கு மேல் எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்துக்குச் சந்தா, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிக்கட்டணம். விமான டிக்கெட்டும் விசாவும் உங்கள் பாடு.

ஒரு கணக்குப் போடுவோம். மெம்பர்ஷிப் 4 லட்சம், ஆண்டுச் சந்தா 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தாவுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 23,600. அந்த 4 லட்சம் 7 சதவீத வட்டிக்கு வங்கியில் கிடந்திருந்தால் ஆண்டுக்கு 28,000 தந்திருக்கும். ஆக, போனாலும் போகாவிட்டாலும் ஆண்டுக்கு 51,600. ஆறு இரவு தங்கினால் ஓர் இரவுக்கு 8,600 ரூபாய். 25 ஆண்டில் அசலும் கரைந்துவிடும் என்பதையோ, சந்தா ஏறிக்கொண்டே போகும் என்பதையோ, தவணையில் வாங்கியவர் கட்டும் வட்டியையோ நான் இதில் சேர்க்கவே இல்லை.

8,600 அதிகமா? மே மாதத்தில், சமையலறையோடு கூடிய அறையில், தாத்தா பாட்டி பிள்ளைகள் சகிதம் ஆண்டு தவறாமல் தங்குகிற குடும்பத்துக்கு நியாயமான விலைதான். வெளியே அதைவிடக் கூடுதலாகக்கூடக் கேட்பார்கள். ஆனால் அந்த உச்ச சீசனுக்கான மெம்பர்ஷிப்தான் இருப்பதிலேயே விலை கூடியது. மற்ற மாதங்களில் போகிறவருக்கு ஹோட்டல் தமிழ்நாடு இருக்கிறது, சாதாரண லாட்ஜ் இருக்கிறது. பிடிக்காவிட்டால் அடுத்த முறை வேறிடம் பார்க்கலாம். அறை கையில் இருந்தாலும் மலையேற அனுமதி வேண்டும் என்ற நிலை வேறு வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ்.

கூட்டேரிப்பட்டுப் பக்கத்து வீட்டின் ஆண்டை எடுத்துப் பாருங்கள். பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலையில் இருக்க வேண்டும். சித்திரையில் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்க ஆள் தேட வேண்டும். வைகாசியில் பங்காளி வீட்டுக் கல்யாணம். கூட்ரோட்டில் கடை வைத்திருப்பவர் ஒரு வாரம் ஷட்டரை இறக்கினால் வாடிக்கை கைமாறிவிடும். ஆறு மாதம் முன்பே தேதி குறித்துப் பதிவு செய்யத் தெரிந்தவர்களுக்கான பண்டம் இது. லீவு முன்கூட்டியே உறுதியாகும் மாதச் சம்பளக் குடும்பங்களில் சிலவற்றுக்குப் பொருந்தும். மற்றவர்கள் வாங்காமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து.

"இது செலவு இல்ல சார், சொத்து" என்று சொன்னால் மட்டும் உடனே எழுந்துவிடுங்கள். மனைபோலப் பத்திரம் பதிந்து கையில் வருவதல்ல இது. பழைய மெம்பர்ஷிப்பை வாங்க ஆள் கிடைப்பதும் அரிது. இதை முதலீடுபோலவே விற்றவர்களும் உண்டு. மும்பையின் பான்கார்டு கிளப்ஸ், அறை இரவுகளை விற்று, தங்காவிட்டால் கூடுதலாகத் திருப்பித் தருவோம் என்றது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் 7,000 கோடி ரூபாய் திரட்டியிருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க 2016-ல் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி உத்தரவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் டைம்ஷேர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். இந்தியாவில் இதற்கென்று தனிச்சட்டம் இல்லை; ரத்துக்கு எத்தனை நாள் என்பதை ஒப்பந்தத்தில்தான் தேட வேண்டும். வழக்கு என்று வந்தால், ஒப்பந்தத்தில் மும்பை நீதிமன்றம் என்று எழுதியிருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் செய்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கூட்டேரிப்பட்டுக்காரருக்கு அது விழுப்புரம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. ஆனால் பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.