பின்னால் வருகிறவருக்குச் சொந்தமான விளக்கு

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் மோட்டார் வாகன உதிரிப் பொருள்கள் விற்கும் கடைகளின் முன்னே சற்று நேரம் நின்று கவனித்தால், புது மோட்டார் சைக்கிள் வாங்கிய இளைஞர்களின் முதற்கோபம், ஹாண்டில்பாருக்கு அருகிலும் பின் மட்கார்டின் மேலும் காது மடலைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் அந்த நான்கு இண்டிகேட்டர்களின் மீதே பாய்வதைக் காணலாம். தொழிற்சாலை கொடுத்த விளக்கு பருத்தது, பழமையானது, வண்டியின் வடிவத்துக்குப் பொருந்தாதது என்பது அவர்களுடைய அபிப்பிராயம். கடைக்காரரோ விரல் நுனி அளவில் ஒளிரும் எல்.இ.டி. விளக்குகளையும், புகை படிந்தாற்போன்ற கறுப்புக் கண்ணாடி போட்டவற்றையும், கைப்பிடியின் நுனியில் செருகும் தினுசுகளையும் கண்ணெதிரே பரப்பி வைத்திருக்கிறார். அழகில் ஆசை கொள்வது குற்றமல்ல. ஆனால் வண்டியில் உள்ள மற்ற உறுப்புகளெல்லாம் ஓட்டுகிறவருக்காக இருக்க, இந்த ஒன்று மட்டும் பெரும்பாலும் பிறருக்காகவே இருக்கிறது என்பதை வாங்குகிறவரும் யோசிப்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை.

1955-ஆம் ஆண்டு சென்னையில் புல்லட் வண்டிகளை இணைத்துத் தயாரிக்கத் தொடங்கிய காலத்தில் அவற்றில் இண்டிகேட்டர் என்ற சாதனமே கிடையாது. திரும்ப விரும்பியவர் கையை நீட்டிச் சமிக்ஞை காட்டினார். வலப்புறம் திரும்ப வலக்கையைப் படுக்கையாக நீட்டி உள்ளங்கையை முன்னோக்கி வைப்பதும், இடப்புறம் திரும்ப அதே வலக்கையைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்றுவதுமே சாலை விதி. காரில் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு இது சௌகரியம். மோட்டார் சைக்கிளிலோ ஆக்ஸிலரேட்டரும் முன் பிரேக்கும் அந்த வலக்கையின் வசத்திலேயே இருப்பதால், எந்தக் கணத்தில் கை மிகவும் தேவையோ அந்தக் கணத்தில் அதை எடுக்கும்படி விதி சொன்னது. இந்தச் சங்கடத்தைத் தீர்க்க வந்ததே மின்சார விளக்கு. அமெரிக்காவில் 1973 முதல் தயாரான மோட்டார் சைக்கிள்களுக்கு அது கட்டாயமாயிற்று. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 121-ஆம் பிரிவும், கைச்சைகைக்குப் பதிலாக மின் சாதனத்தால் சமிக்ஞை தரலாம் என்று இடங்கொடுக்கிறது.

சட்டம் எதைத் தடுக்கிறது, எதை விடுகிறது என்பதில்தான் குழப்பம் அதிகம். உற்பத்தியாளர் குறித்துக் கொடுத்து ஆர்.சி. புத்தகத்தில் பதிவான விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாகவே உறுதி செய்தது. இதைக் கேட்ட வாலிபர்களில் சிலர், ஆர்.சி. புத்தகத்தில் இண்டிகேட்டரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே, ஆகையால் அதை மாற்றுவது மாற்றமே அல்ல என்று சாமர்த்தியமாக வாதிக்கிறார்கள். வாதத்தின் முற்பாதி வாஸ்தவம். பிற்பாதியைக் கவிழ்ப்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள 102-ஆம் விதி. திசைகாட்டும் விளக்கு செம்மஞ்சள் நிறமாக இருக்க வேண்டும், நிமிஷத்துக்கு 60 தடவைக்குக் குறையாமலும் 120 தடவைக்கு மேற்படாமலும் மின்ன வேண்டும், அதன் ஒளி வண்டியின் முன்னாலும் பின்னாலும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அது கேட்கிறது. ஆர்.சி. புத்தகம் மௌனமாக இருந்தாலும் இந்த விதி மௌனமாக இல்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறைவாசமோ, மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

நிறத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை: சிவப்பு பிரேக்குக்கும் வாலுக்கும் உரியது, வெள்ளை முகவிளக்குக்கு உரியது, நீலம் நம் போன்றவர்களுக்கு உரியதே அல்ல. அமெரிக்காவில் பின் இண்டிகேட்டர் சிவப்பாக இருக்கலாம் என்பதால் அந்தச் சந்தைக்கென்று செய்த விளக்கை இங்கே மாட்டினால் விதி மீறலே. கறுப்புக் கண்ணாடி விளக்கு இரவில் ஏமாற்றாது. பட்டப்பகலில் சித்திரை வெயில் முதுகில் அடிக்கும்போது எரிகிறதா இல்லையா என்றே தெரியாது.

இடம் என்பது நிறத்தைவிட நுட்பமான விஷயம். பின் மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, நம்பர் பிளேட்டின் இரு ஓரங்களிலும் இரண்டு பொட்டு விளக்குகளை ஒட்டிவிடுவது இப்போதைய நாகரிகம். அப்படி நெருக்கமாக வைத்த இரண்டு விளக்குகளில் ஒன்று மின்னும்போது, தூரத்தில் வருகிற லாரி டிரைவருக்கு அது இடதா வலதா என்று பிரித்தறிய முடியாமற் போகிறது. ஏதோ மின்னுகிறது என்பது மட்டும் தெரிகிறது. இதை எண்ணித்தான் ஐக்கிய நாடுகளின் 53-ஆம் வாகன விதி, முன் விளக்குகள் இரண்டுக்கும் நடுவே 240 மில்லிமீட்டரும், பின் விளக்குகளுக்கு நடுவே 180 மில்லிமீட்டரும் குறைந்தபட்ச இடைவெளி கேட்கிறது. தரையிலிருந்து 350 முதல் 1200 மில்லிமீட்டருக்குள் அவை இருக்க வேண்டும் என்கிறது. கைப்பிடி நுனியில் செருகும் விளக்கு விசாலமாக விலகியிருக்கும் என்றாலும், பின்னால் ஒருவர் துணிப் பையுடன் உட்கார்ந்துவிட்டால் முழுவதும் மறைந்து போகும். ஆகவே அது பின் இண்டிகேட்டருக்குத் துணையாகலாமேயன்றி மாற்றாகாது. மட்கார்டைக் கழற்றுவதில் இன்னொரு தொல்லையும் உண்டு: பின்னால் உட்காருகிறவரின் ஆடை சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடப்பட்டிருக்க வேண்டும் என்று 123-ஆம் விதி கூறுகிறது. ஓர் அலங்காரத்தில் இரண்டு விதிகளை மீறுவது நம்மவர்க்கே கைவந்த கலை.

வாங்கும்போது, கண்ணாடியின் மேல் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் வார்த்திருக்கிறதா என்று பார்ப்பது நல்ல வழக்கம். அது ஐரோப்பிய அங்கீகார முத்திரை. எண், அங்கீகரித்த நாட்டைக் குறிக்கும்: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி.

விளக்கை மாட்டி முடித்த பிறகு வருகிற வியாதிதான் மெக்கானிக்குகளுக்கு நித்தியப் பரிச்சயம்: இண்டிகேட்டர் பேய் பிடித்தாற்போல் படபடவென்று மின்னுகிறது. காரணம் எளியது. பழைய பல்பு ஒவ்வொன்றும் 10 வாட். முன்னும் பின்னுமாக இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். எல்.இ.டி.யோ அதில் ஒரு சிறு பங்குகூட இழுப்பதில்லை. விளக்கை விட்டுவிட்டு மின்னச் செய்யும் கருவியான மின்னணு பிளாஷர், மின்சாரம் குறைந்ததைக் கண்டு பல்பு ஒன்று பழுதாகிவிட்டதென்று முடிவு செய்து, ஓட்டுகிறவரை எச்சரிக்க வேகத்தைக் கூட்டுகிறது. உலோகத் தகடு சூடாகி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும் பழைய ரக பிளாஷரானால், சூடு போதாமல் விளக்கு மின்னாமல் அப்படியே எரிந்துகொண்டிருக்கும். முன்னது 120-ஐத் தாண்டிச் சட்டத்தை மீறுகிறது; பின்னது 60-ஐ எட்டாமல் மீறுகிறது.

இதற்குப் பரிகாரம் இரண்டு. எல்.இ.டி.க்கென்றே செய்த பிளாஷரை, பின்களின் எண்ணிக்கையும் வரிசையும் பொருந்துகிறதா என்று பார்த்து மாற்றிவிடுவது உத்தமம். பிளாஷர் தனியாக இல்லாமல் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கும் புது வண்டிகளில் அது சாத்தியமில்லை. அங்கே ஒவ்வொரு விளக்குக்கும் இணையாக ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து, பழைய பல்பு தின்ற மின்சாரத்தை வீணே சூடாக்கிக் கழிக்க வேண்டியிருக்கிறது. அந்த ரெசிஸ்டர் கை வைக்க முடியாத அளவு சுடும். பிளாஸ்டிக்கின் மேலோ ஒயர்க்கட்டின் மேலோ அதைக் கட்டிவிட்டு, ஒயர் உருகிய பிறகு எல்.இ.டி.யைத் திட்டுகிறவர்கள் உண்டு.

மீட்டரில் இரு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே பச்சை விளக்கு இருக்கும் வண்டிகளில் வேறொரு வேடிக்கை நிகழும்: இடப்பக்கம் போட்டால் நான்கும் மின்னும். அந்தப் பச்சை பல்பு இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் குறுக்கே நின்று, எதிர்ப்பக்க பல்புகளின் வழியாகவே தரைக்குப் பாதை தேடிக்கொண்டிருந்தது. அவ்வழியே போகும் சொற்ப மின்சாரம் பழைய பல்பை எரிய வைக்கப் போதாது, எல்.இ.டி.க்குப் போதும். பச்சை பல்பின் ஒரு முனையைத் தரையில் இணைத்து, மறு முனைக்கு இடமிருந்தும் வலமிருந்தும் ஒவ்வொரு டயோடு வழியாக மின்சாரம் கொடுத்தால் சரியாகிவிடும். சில ரூபாய் பெறும் இந்த வேலையைச் செய்யாமல், நான்கும் மின்னுவதே அழகு என்று விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நான்கையும் மின்னவிடும் ஹசார்டு சுவிட்சைப் புதிதாகப் பொருத்திக்கொண்டு, நாற்சந்தியில் நேராகப் போவதற்கு அதைப் போடுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்துச் சாலையிலிருந்து வருகிறவருக்கு ஒரு பக்கத்து விளக்கே தெரியும். அவர் இந்த வண்டி தம் பக்கம் திரும்பப் போகிறதென்று எண்ணிக் குறுக்கே இறங்குகிறார். நின்றுபோன வண்டிக்கு உரிய சமிக்ஞை அது. அதைவிட, திரும்பிய பின் இண்டிகேட்டரை அணைக்க மறக்கிறவருக்கு நினைவூட்டும் சிறிய பஸ்ஸர் எவ்வளவோ பிரயோஜனமுள்ள சேர்க்கை. சினிமாப் பாட்டு இசைக்காத வரையில்.

எல்லாம் முடிந்ததும், கடையை விட்டுப் புறப்படுமுன் வண்டியை உச்சி வெயிலில் நிறுத்தி, பின்சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு முப்பதடி பின்னால் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். கைக்கடிகாரத்தில் கால் நிமிஷம் வைத்து எண்ணினால் 15-க்கும் 30-க்கும் இடையில் மின்ன வேண்டும். பக்கம் எது என்பதில் சந்தேகம் தோன்றினாலோ, எண்ணிக்கை பிசகினாலோ, காசு கொடுப்பதற்கு முன்பே மெக்கானிக்கிடம் சொல்லிப் பழைய விளக்குகளைத் திரும்ப மாட்டச் செய்யலாம். அவற்றைக் கடையிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்வது, வண்டியை விற்கும் நாளிலும் உதவும்.