செம்பில் விளையும் பச்சை

கொருக்குப்பேட்டைக் காயலான் கடைகளில் செம்புக் கம்பியை ஒரே குவியலாகப் போடமாட்டார்கள். தோல் உரித்த பளபளப்புக் கம்பி தனி. கறுத்ததும் பச்சை பூத்ததும் தனி. விலையும் அப்படியே.

அந்தப் பச்சைதான் களிம்பு. செம்பும் ஈரமும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் சேர்ந்தால் அது பூக்கும். காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் கடற்காற்றில் உப்பு இருப்பதால், இங்கே களிம்போடு குளோரைடும் கலந்துவிடும். பொல்லாத சரக்கு அது. மண்ணிலிருந்து எடுத்த செப்புத் திருமேனிக்குள் கொஞ்சம் ஒளிந்திருந்தாலும், ஈரம் பட்டதும் வெளிர்பச்சைப் பொடியாக வெடித்து உலோகத்தை அரித்துக்கொண்டே போகும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் தொடங்கிய வேதியியல் ஆய்வுக்கூடம், மின்பகுப்பு முறையில் இந்த நோயை நீக்கித் திருமேனிகளைக் காத்தது. தமிழர்கள் நன்றியோடு நினைக்க வேண்டிய வேலை.

குளோரைடு சேராமல், நிலத்தடியில் ஆற அமர விளைந்த செம்புக் கார்பனேட்தான் மாலகைட் என்ற அலங்காரக் கல். செப்புத் தாதுப் பாறையில் இறங்கும் மழைநீர் செம்பைக் கரைத்து எடுத்துப்போய், கார்பனேட் உள்ள இடத்தில் படியவிடுகிறது. ராஜஸ்தானின் கேத்ரியிலும் மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்டிலும் செப்புச் சுரங்கப் பாறைகளில் இந்தப் பச்சை உண்டு. எடையில் 57 சதவீதம் செம்பு. கரியோடு சேர்த்துச் சூடேற்றினாலே உலோகம் பிரிந்துவிடும் என்பதால், ஆதி மனிதன் உருக்கிய தாதுக்களில் இதுவும் ஒன்று.

மெருகேற்றிய துண்டு ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். அளவுக்கு மீறிக் கனக்கும். அடர்பச்சையும் இளம்பச்சையும் மரத்தின் வெட்டுமுகம்போல வளையம் வளையமாக ஓடும். படிகம் பருமனாக வளர்ந்த வளையம் இருண்டிருக்கும், பொடியாக வளர்ந்தது வெளுத்திருக்கும். 1837 தீவிபத்துக்குப் பின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனையில் கட்டிய மாலகைட் அறையின் தூண்கள் முழுக்கல் அல்ல. சில மில்லிமீட்டர் தடிமனுள்ள சில்லுகளை வளையம் வளையத்தோடு சேரும்படி ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கல்லைவிட அந்த ஒட்டுவேலைதான் பெரிது.

கல் மிருதுவானது, கத்திமுனை கீறிவிடும். மோதிரத்தைவிடப் பதக்கத்துக்கே ஏற்றது. செம்புக் குடத்தைத் துலக்கும் புளியையோ எலுமிச்சையையோ இதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். களிம்பைக் கரைக்கும் அதே அமிலம் இதன் மெருகையும் தின்றுவிடும். சோப்புக் கலந்த நீரில் நனைத்த துணி போதும். அறுக்கும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்கு நஞ்சு என்பதால், பட்டறையில் தண்ணீர் விட்டுக்கொண்டே, முகக்கவசத்தோடுதான் அறுக்க வேண்டும்.